ஒரே மாத்திரை, ரெண்டு ஃபார்வர்ட்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாரத்தில் ரெண்டு செய்திகள் வந்தன. திங்கட்கிழமை அக்கா அனுப்பியது: கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அல்சைமர் மறதிநோய் வரும் வாய்ப்பு 70 சதவீதம் குறைவு, விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், உடனே எல்லோருக்கும் பகிரவும். வியாழக்கிழமை சித்தப்பா அனுப்பியது: கொலஸ்ட்ரால் மாத்திரை ஞாபகத்தை அழிக்கிறது, அமெரிக்க அரசே எச்சரித்துவிட்டது, உடனே நிறுத்தவும். ரெண்டுக்கும் கீழே ஒரே அத்தை ஒரே கைகூப்பும் படத்தைப் போட்டிருந்தார்.

வேறு குடும்பமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எங்கள் வீட்டில் முடியாது. அப்பாவுக்கு அல்சைமர் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. அதே அப்பா, நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து, பதினோரு வருடமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் போட்டுக்கொள்கிறார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கொழுப்பு மாத்திரை. ஆக அக்காவின் செய்தியும் சித்தப்பாவின் செய்தியும் எங்கள் சாப்பாட்டு மேசை மேல் இருக்கிற அந்த மாத்திரை டப்பாவைப் பற்றித்தான். வியாழக்கிழமை ராத்திரி அம்மா அந்த வெள்ளை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "குடுக்கவா, வேண்டாமா?"

குடுங்கம்மா என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் குடுக்க வேண்டும் என்று எனக்கே ஒழுங்காகத் தெரியாது. அதற்கப்புறம் பத்து நாள் இதையே படித்துக்கொண்டிருந்தேன். நான் டாக்டர் இல்லை, இன்சூரன்ஸ் வேலை பார்ப்பவன். எண்களைப் பார்த்துச் சந்தேகப்படுவது என் பிழைப்பு, அவ்வளவுதான்.

முதலில் ஆச்சரியப்பட்ட விஷயம்: ரெண்டு ஃபார்வர்டிலுமே ஒரு பொட்டு உண்மை இருக்கிறது. சுத்தப் பொய்யாக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அக்காவின் 70 சதவீதம் எங்கிருந்து வந்தது என்றால், 2000ஆம் ஆண்டிலிருந்து. அந்த வருடம் ரெண்டு ஆய்வுகள் வெளியாயின. ஒன்று பிரிட்டனில், குடும்ப டாக்டர்கள் வைத்திருக்கும் நோயாளிப் பதிவுகளை அலசியது, லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஸ்டாட்டின் மாத்திரை (அப்பாவின் அட்டோர்வாஸ்டாட்டின் உட்பட, இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரைகளின் பொதுப்பெயர்) எழுதிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமரும் அடங்கிய மறதிநோய்கள், வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம் குறைவு என்றது. இன்னொன்று அமெரிக்காவில் மூன்று மருத்துவமனைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. அங்கும் லோவாஸ்டாட்டின், ப்ராவாஸ்டாட்டின் என்ற ரெண்டு ஸ்டாட்டின் வகைகளைச் சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் 60 முதல் 73 சதவீதம் வரை குறைவாகத் தெரிந்தது. அந்தச் சமயத்தில் இது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மறதிநோய்க்குச் சொல்லிக்கொள்ளும்படி மருந்தே இல்லாத காலம், உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிற, ஓரளவு பாதுகாப்பானது என்று தெரிந்த மாத்திரை, அதுவே இதற்கும் மருந்து என்றால் யாருக்குத்தான் ஆசை வராது.

ஸ்டாட்டின் பிறந்த கதையும் அப்படி ஆசைப்பட வைக்கிற கதைதான். அகிரா எண்டோ என்கிற ஜப்பானியர், டோக்கியோவில் சாங்க்யோ என்ற மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர். உடம்பில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சைக்குள் இருக்கும் என்று நம்பி ரெண்டு வருடம் ஆறாயிரத்துக்கும் மேலான நுண்ணுயிர்களைச் சோதித்தார். கடைசியில் 1973ல் அகப்பட்டது, கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சையில். நம் வீட்டில் அரிசியில் பூஞ்சை பூத்தால் முறத்தில் கொட்டிக் காயவைப்போம், அவர் அதிலிருந்து மருந்தெடுத்தார். அதே வழியில் வந்த லோவாஸ்டாட்டின் 1987ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எண்டோ 2024 ஜூன் மாதம் 90 வயதில் இறந்தார். நோபல் கடைசிவரை கிடைக்கவில்லை.

சரி, மறதிநோய்க்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் நிஜமாகவே இருக்கிறது, அதுவும் முதல் நாளிலிருந்தே. ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் 1906ல் தன் நோயாளி அகுஸ்டே டேட்டரின் மூளையைப் பற்றிப் பேசினார், அடுத்த வருடம் எழுதினார். அதில் எல்லோருக்கும் தெரிந்தது அமிலாய்டு என்கிற புரதப் படிவங்களும் நரம்புச் செல்லுக்குள் முறுக்கிக்கொண்ட இழைகளும். மூன்றாவதாக ஒன்றையும் குறித்திருந்தார்: மூளையின் துணைச் செல்களில் கொழுப்புத் துளிகள். அந்த மூன்றாவதை ரொம்ப காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் 1993ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆட்கள், அபோ-ஈ4 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்கு அல்சைமர் அதிகம் வருகிறது என்று காட்டினார்கள். அபோ-ஈ என்கிற புரதத்தின் வேலை என்ன? மூளைக்குள் கொலஸ்ட்ராலைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பது. கூலியாள் மாதிரி. அந்தக் கூலியாளின் ஒரு ரகம் சரியில்லை என்றால் நோய் வருகிறது என்றால், சுமக்கிற மூட்டையையும் சந்தேகப்படத்தானே வேண்டும். முயலுக்குக் கொலஸ்ட்ரால் நிறைந்த தீனி போட்டபோது அதன் மூளையில் அமிலாய்டு சேர்வதைப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த நரம்புச் செல்களில் கொலஸ்ட்ராலைக் குறைத்தால் அமிலாய்டு உற்பத்தி குறைவதையும் 1998ல் காட்டினார்கள். 2001ல் பின்லாந்து ஆய்வு ஒன்று, நடுவயதில் கொலஸ்ட்ரால் 250க்கு மேல் இருந்தவர்களுக்கு முதுமையில் அல்சைமர் அதிகம் என்றது. எல்லாக் கையும் ஒரே பக்கம்தான் நீண்டது.

ஆனால் ஒரு விஷயத்தை நான் இந்தப் பத்து நாளில்தான் தெரிந்துகொண்டேன். ரத்தத்தில் இருக்கிற கொலஸ்ட்ராலும் மூளையில் இருக்கிற கொலஸ்ட்ராலும் ஒன்றுக்கொன்று ஒட்டுறவு இல்லாதவை. உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடம்பின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் இருக்கிறது, நரம்பிழைகளுக்கு உறைபோடவே அது மூட்டை மூட்டையாக வேண்டும். அத்தனையையும் மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் வரும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் நுழைய முடியாது, நடுவில் ஒரு தடுப்பு. கூட்டுக் குடும்பத்தில் ஒரே கூரைக்குக் கீழே தனி உலை வைக்கிற மாதிரி. அதனால் லேப் ரிப்போர்ட்டில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 160லிருந்து 70க்கு இறங்கியது என்றால் பெரிய அடுப்படியில் எண்ணெய் குறைந்தது என்று அர்த்தம், பின்கட்டு அடுப்பைப் பற்றி அந்தத் தாள் ஒன்றும் சொல்லாது. சிம்வாஸ்டாட்டின் போன்ற சில மாத்திரைகள் அந்தத் தடுப்பைக் கொஞ்சம் தாண்டும். ப்ராவாஸ்டாட்டின் அநேகமாகத் தாண்டாது.

இப்போது அந்த 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வுக்குத் திரும்பிப் போங்கள். அதில் பலன் தெரிந்தது லோவாஸ்டாட்டினிலும் ப்ராவாஸ்டாட்டினிலும். சிம்வாஸ்டாட்டினில் தெரியவில்லை! மூளைக்குள் போகிற சிம்வாஸ்டாட்டின் ஒன்றும் செய்யவில்லை, அநேகமாகப் போகாத ப்ராவாஸ்டாட்டின் காப்பாற்றுகிறது. என் மேசைக்கு இப்படி ஒரு கிளெய்ம் வந்தால் நான் ஃபைலைத் தனியே எடுத்து வைப்பேன்.

சந்தேகம் சரிதான். ஸ்டாட்டின் யாருக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது? டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவருக்கு, ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறவருக்கு, மாத்திரையை மறக்காமல் சாப்பிடக்கூடியவருக்கு. ஏற்கெனவே மறதி தொடங்கிய பெரியவருக்குப் புதிதாகக் கொழுப்பு மாத்திரை தொடங்கலாம் என்று எத்தனை டாக்டர் எழுதுவார்? அதாவது மாத்திரை மறதியைத் தடுத்ததா, மறதி இல்லாதவர்கள் கையில்தான் மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்று பழைய பதிவுகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, அல்சைமர் நெருங்க நெருங்க எடையும் ரத்தக் கொலஸ்ட்ராலும் தானாகவே இறங்க ஆரம்பிக்கும்.

இதைத் தீர்க்க ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்ப்பதுதான். பார்த்தார்கள். பிரிட்டனில் இதயத்துக்காக நடந்து, 2002ல் முடிவு வெளியான மாபெரும் சோதனையில் 20,536 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், ஐந்து வருடம். மாரடைப்பும் பக்கவாதமும் சுமார் கால்வாசி குறைந்தன, அது பெரிய வெற்றி. டிமென்ஷியா? மருந்து சாப்பிட்ட பக்கம் 31 பேர். வெற்று மாத்திரை பக்கம் 31 பேர்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். 31க்கு 31. 70 சதவீதம் எங்கே போனது?

நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்காவது உதவுமா என்றும் பார்த்தார்கள். 2005ல் அறுபத்துச் சொச்சம் பேரை வைத்து ஒரு சின்னச் சோதனை, அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம், லேசாகப் பலன் இருக்கிறமாதிரி காட்டியது. உடனே பெரிதாக நடத்தினார்கள். 2010ல் முடிவு வந்தது: 640 நோயாளிகள், எல்லோரும் டோனெபெசில் என்ற அல்சைமர் மருந்தைச் சாப்பிடுகிறவர்கள், அதற்கு மேல் பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80, 72 வாரம். ஞாபகத்திலும் சரி, அன்றாட நடமாட்டத்திலும் சரி, வித்தியாசம் இல்லை. 2011ல் இன்னொன்று: 406 நோயாளிகள், சிம்வாஸ்டாட்டின், 18 மாதம். கொலஸ்ட்ரால் அழகாக இறங்கியது, நோய் தன் போக்கில் நடந்தது. அப்பா சாப்பிடுகிற அதே ஜோடி, டோனெபெசிலும் அட்டோர்வாஸ்டாட்டினும், அந்த 2010 சோதனையில் இருக்கிறது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, மறைக்க ஒன்றுமில்லை.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கெழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் பால் கணக்கைத் தினசரிக் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டே இருப்பார், அரை லிட்டருக்கு ஒரு கோடு. முதலில் தப்பு தெரிந்தது அங்கேதான். ஒரே தேதியில் மூன்று கோடு, ஐந்து கோடு. பால்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போய்விட்டார், அந்தப் பால்காரர் முப்பது வருடப் பழக்கம், ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் குறைத்து வாங்கிக்கொண்டு போனாராம். அம்மா அதை எங்களிடம் சொல்லவே ஆறு மாதம் ஆனது. ஸ்டாட்டின் அப்பாவைக் காப்பாற்றவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் என் தொழில் புத்தி உடனே குறுக்கே வருகிறது: ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அந்த மாத்திரை இல்லாவிட்டால் அவர் ரெண்டாவது மாரடைப்பில் போயிருக்கலாம், மறக்கிற வயதுவரை வந்தேயிருக்க மாட்டார்.

இனி சித்தப்பாவின் செய்தி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012ல் ஸ்டாட்டின் அட்டைகளில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது உண்மை. சிலருக்கு மறதி, குழப்பம் வந்ததாகப் புகார்கள் உண்டு, அவை கடுமையானவை அல்ல, மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடுகின்றன என்றது. இவ்வளவுதான். டிமென்ஷியா வரும் என்று சொல்லவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. மேலே சொன்ன அந்த 31க்கு 31 இங்கேயும் பதில் சொல்கிறது பாருங்கள். மாத்திரை மூளையைக் கெடுத்திருந்தால் மருந்துப் பக்கம் எண் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. ஒரே எண் அக்காவுக்கும் பதில், சித்தப்பாவுக்கும் பதில். 2017ல் எவோலோகுமாப் என்கிற ஊசி மருந்தை வைத்து, ஸ்டாட்டினோடு சேர்த்து எல்.டி.எல்லைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தார்கள், அதிலும் ஞாபக சக்தி பாதிக்கப்படவில்லை.

அப்படியானால் கதை முடிந்ததா என்றால் முழுதாக முடியவில்லை. அல்சைமர் மூளையில் ஆரம்பிப்பது நமக்குத் தெரிவதற்குப் பதினைந்து, இருபது வருடம் முன்னால். வீடு பாதி எரிந்த பிறகு 18 மாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத் தண்ணீரால் பயனில்லை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். 2024ல் லான்செட் இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் டிமென்ஷியாவுக்கு மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14ஐப் பட்டியலிட்டபோது நடுவயதில் எல்.டி.எல். அதிகமாக இருப்பதைப் புதிதாகச் சேர்த்தது, அதன் பங்கு 7 சதவீதம் என்று கணக்கிட்டது. நடுவயதில் என்ற சொல்லைக் கவனியுங்கள், எழுபதுக்கு மேல் இல்லை. அதே 2024ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், அபோ-ஈ4 ரெண்டு பிரதி இருக்கிற அல்சைமர் நோயாளிகளின் மூளையில் காவல் செல்கள் கொழுப்புத் துளிகளால் நிரம்பிக் கிடப்பதைக் காட்டினார்கள். அல்சைமர் 1907ல் எழுதி வைத்த அந்த மூன்றாவது விஷயம்! நூற்றுப் பதினேழு வருடம் கழித்து. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டியவர்களையும் அமெரிக்காவில் 75 தாண்டியவர்களையும் வைத்து அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராமை டிமென்ஷியா கணக்கோடு சேர்த்துச் சோதிக்கும் பெரிய ஆய்வுகளும் தொடங்கப்பட்டன. என் சொந்த எண்ணம், மூளைக் கொழுப்பில் விஷயம் இருக்கிறது, ஆனால் அதைச் சரிசெய்யப்போகிற மருந்து அப்பாவின் ராத்திரி மாத்திரையாக இருக்காது.

எனக்கு 51 வயது. இதெல்லாம் படித்த கையோடு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன், எல்.டி.எல். 158. டாக்டர் ரோசுவாஸ்டாட்டின் 10 எழுதினார். அப்பாவுக்கு இதய நோய் இருக்கிறது, அந்தக் காரணமே போதும் என்றார். மறதிக்கும் உதவுமா என்று கேட்டேன். "நெஞ்சுக்குச் சாப்பிடுங்க, மத்தது போனஸா வந்தா வரட்டும்" என்று சிரித்தார்.

சனிக்கிழமை ராத்திரி இதையெல்லாம் சுருக்கிக் குடும்பக் குழுவில் போட்டேன். அம்மாவுக்கும் நேரில் சொன்னேன். அப்பாவின் மாத்திரை மறதிக்கு இல்லை, ஸ்டென்ட்டுக்கு, அதனால் தொடர வேண்டும். அக்கா ஒரு கட்டைவிரல் போட்டார். சித்தப்பாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பத்தரை மணிக்குப் போன் வந்தது.

"எல்லாம் சரிடா. நான் நிறுத்தி அஞ்சு வாரமாச்சே, இப்ப என்ன பண்ண?"

அவருக்கு 69 வயது. பதினாலு வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மினும் ஸ்டாட்டினும் சாப்பிடுகிறவர். ஆறு மாதமாகப் பெயர்கள் மறக்கின்றனவாம், ஏ.டி.எம். முன்னால் நின்று ரகசிய எண்ணை யோசித்தாராம். யாரிடமும் சொல்லவில்லை, சித்தியிடம் கூட. அண்ணன் பால் கணக்கு எழுதுவதைக் கூடவே இருந்து பார்த்தவர் இல்லையா. மாத்திரைதான் காரணம் என்று யாரோ சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. மாத்திரை காரணம் என்றால் நிறுத்தினால் போய்விடுமே.

செவ்வாய்க்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஞாபகச் சோதனை செய்தார், கடிகாரம் வரையச் சொன்னார், சித்தப்பா முள்ளோடு சரியாக வரைந்தார். தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 எல்லாம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் பி12 140, இருநூறுக்கு மேலாவது இருக்க வேண்டியது. மெட்ஃபார்மின் ரொம்ப வருடம் சாப்பிட்டால் பி12 குறையும், அது குறைந்தால் மறதி வரலாம் என்றார் டாக்டர். இதுதான் முழுக் காரணம் என்று அவர் சொல்லவில்லை, ஊசி போட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். ஐந்து வாரம் நிறுத்தியதில் எல்.டி.எல். 171க்கு ஏறியிருந்தது, அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. அன்று ராத்திரியிலிருந்து திரும்பத் தொடங்கச் சொன்னார்.

முதல் ஊசி போட்டுக்கொண்டு இடுப்பைத் தேய்த்தபடி வெளியே வந்தவர், போனை எடுத்து அந்த ஃபார்வர்டைத் தேடினார். "எல்லாருக்கும் அழிச்சிடவா?" நானும் வாங்கிப் பார்த்தேன். ரெண்டு வாரமாகிவிட்டது, எல்லோருக்கும் அழிக்கிற பட்டன் போயே போய்விட்டிருந்தது.